காணித் தரகர் எழுதப் பழக வேண்டும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் காணி விளம்பரப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "10 பேர்ச்சஸ், சதுரமான காணி, தெளிவான உறுதி, பிரதான வீதிக்கு 200 மீற்றர்" என்றெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் மறக்காமல் ஒரு வரி சேர்த்திருப்பார்கள்: "தரகர்கள் தேவையில்லை." 2012இல் வந்த இக்மன் போன்ற இணையத் தளங்களிலும் இந்த வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. விளம்பரம் பத்திரிகையிலிருந்து கைபேசிக்குப் போய்விட்டது. தரகர் மீதுள்ள சந்தேகமும் கூடவே போயிருக்கிறது.

எமது சகோதரர்கள் பலர் இந்தத் தொழிலில் இருக்கின்றனர். கடையில் வியாபாரம் குறைந்தவர், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எல்லோரும் இறங்கக்கூடிய தொழில் இது. முதல் தேவையில்லை, கடை வாடகை இல்லை, ஒரு போனும் நாலு பேரின் அறிமுகமும் போதும். இப்படி எவரும் இறங்கலாம் என்பதாலேயே எவர் மீதும் நம்பிக்கை வைக்க முடியாத நிலையும் உண்டாகியிருக்கிறது. காணி வாங்குபவர், "கேற்றைத் திறந்து காட்டியதற்கா இவ்வளவு கமிஷன்?" என்று நினைக்கிறார். அவர் நினைப்பதில் பிழை சொல்ல முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது கேற்றைத் திறந்தது மட்டும்தான்.

ஆனால் இருபது வருடம் ஓர் ஊரில் தரகு செய்த ஒருவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஒழுங்கையில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்த வளவில் சகோதரர்களுக்கிடையே வழக்கு இருக்கிறது, எந்தப் பாதை உறுதியில் 10 அடி என்று இருந்தும் நிலத்தில் 8 அடிதான் இருக்கிறது, எந்த வயல் எப்போது மண் போட்டு நிரப்பப்பட்டது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. கமிஷன் உண்மையில் இந்த அறிவுக்குத்தான். அந்த அறிவு வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. அதைத் தெரியச் செய்ய ஒரு வழி, எழுதுவது. இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் வைத்து, அல்லது பேஸ்புக்கில் தொழிலுக்கென்று ஒரு பக்கம் திறந்து, வாரத்துக்கு ஒரு விடயத்தை ஒழுங்காக எழுதி வருவது. செலவு இல்லை. நேரம்தான் செலவு.

இங்கே நம்மவர்கள் ஒரு விடயத்தைக் குழப்பிக்கொள்கின்றனர். "நான் தினமும் போடுகிறேனே" என்பார்கள். போய்ப் பார்த்தால் பக்கம் நிறைய "அவசர விற்பனை", "பேசித் தீர்மானிக்கலாம்", "சூப்பர் லொகேஷன்" என்ற படங்கள். அது விளம்பரம். அந்தக் காணி விற்றுப்போனதும் அதன் உயிர் போய்விடும். நான் சொல்வது வேறு. வாங்குபவர் மனதில் உள்ள கேள்விக்குப் பதில் எழுதுவது. அது மூன்று வருடம் கழித்தும் ஒருவர் கண்ணில் படும். டோஹாவிலோ ரியாதிலோ இரவு வேலை முடித்து வந்து, ஊரில் ஒரு துண்டு காணி வாங்கும் யோசனையில் கைபேசியில் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் விளம்பரத்தை மட்டும் தேடுவதில்லை. "பேமிட் காணி வாங்கலாமா?" என்றும் தேடுகிறார். அந்தக் கேள்விக்கு உங்கள் பெயரில் ஒழுங்கான பதில் இருந்தால், அவர் நாளைக்கு யாருக்கு போன் எடுப்பார்?

அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் நீச்சல் தடாகம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனியொன்றின் பங்காளரான மார்க்கஸ் ஷெரிடன் என்பவர், 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கம்பெனி விழும் நிலைக்கு வந்தபோது இதைத்தான் செய்தார். வாடிக்கையாளர் தம்மிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒன்றொன்றாகப் பதில் எழுதி இணையத்தில் போட்டார். அந்தத் தொழிலில் பலர் வெளியே சொல்லத் தயங்கும் விலை விபரத்தையும் தமது பொருளின் குறைகளையும்கூட எழுதினார். அந்த எழுத்தே கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. தடாகம் விற்பவருக்குப் பொருந்தியது காணி விற்பவருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். காணி வாங்குபவனுக்குத்தான் பயம் அதிகம்.

எதை எழுதுவது என்று கேட்கலாம். உங்களிடம் ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால் அதுவே ஒரு கட்டுரை. எமது சமூகத்தில் அடிக்கடி தலையிடி கொடுக்கும் ஒரு விடயத்தை உதாரணமாக எடுக்கிறேன்.

வாப்பா மௌத்தாகிறார். 20 பேர்ச்சஸ் வளவு அவர் பெயரில் இருக்கிறது. மனைவி, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமற்ற வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எமது மார்க்கச் சட்டப்படியே பங்கு பிரியும். கடன், வஸிய்யத் எதுவும் இல்லை, மேலே சொன்னவர்களைத் தவிர வேறு வாரிசும் இல்லை என்று வைத்துக்கொண்டால், உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 2.5 பேர்ச்சஸ். மீதி 17.5. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று ஏழு பங்காக்கினால் ஒரு பங்கு 2.5. ஆகவே ஆண் மக்களுக்கு 5 பேர்ச்சஸ் வீதம், பெண் மக்களுக்கு 2.5 பேர்ச்சஸ் வீதம். கணக்கு அழகாக வருகிறது. இப்போது மூத்த மகன் வந்து, "எனது 5 பேர்ச்சஸை விற்றுத் தாருங்கள்" என்கிறார்.

அவரிடம் இருப்பது என்ன? மூலையில் வேலி போட்ட 5 பேர்ச்சஸ் அல்ல. 20 பேர்ச்சஸ் முழுவதிலும் பிரிக்கப்படாத நான்கில் ஒரு பங்கு. அதைத் தனியாக அளந்து பிரிக்கப் போனாலும், நகர அபிவிருத்தி அதிகாரசபையின் பொதுவான விதிப்படி ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அது கிட்டத்தட்ட 6 பேர்ச்சஸ். ஆகவே இந்தக் குடும்பத்தில் எவருடைய பங்கும் தனித் துண்டாக நிற்காது. வழி என்ன? எல்லா வாரிசுகளும் சேர்ந்து கையெழுத்திட்டு முழு வளவையும் விற்கலாம். இரண்டு பேரின் பங்கைச் சேர்த்து, மற்றவர்களின் இணக்கத்துடன் பங்கீட்டு உறுதி எழுதலாம். அல்லது குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் மற்றவரின் பங்கை வாங்கலாம். எதுவும் சரிவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போக வேண்டும். அது எத்தனை வருடம் இழுக்கும் என்பதை அனுபவித்தவர்களிடம் கேளுங்கள்.

"தங்கச்சிமார் கையெழுத்து வைப்பார்கள், நீங்கள் யோசிக்க வேண்டாம்" என்று நானா சொல்வார். கையெழுத்து வைக்கும் நாளில் தங்கச்சியின் மாப்பிள்ளை வேறு கதை சொல்வார். அவர் சொல்வதும் அநேகமாக நியாயமாகத்தான் இருக்கும். இதையெல்லாம் ஒரு தரகர் தமது பக்கத்தில், மேலே செய்தது போல ஒரு கணக்கோடு எழுதிவிட்டால், வாசிக்கும் பத்துக் குடும்பங்களில் இரண்டு குடும்பமாவது "இது எங்கள் வீட்டுக் கதையல்லவா" என்று நினைக்கும். விற்பதற்கு முன் ஒரு வார்த்தை உங்களிடம் கேட்போம் என்று வருவார்கள்.

அடுத்தது பேமிட் காணி. கிழக்கிலும், வடமத்திய மாகாணத்திலும், புத்தளப் பக்கத்திலும் இது பெரிய விடயம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி அரசாங்கக் காணியாகும். அதை உறுதிக் காணி போல விற்க முடியாது. சுவர்ணபூமி, ஜயபூமி போன்ற அளிப்புப் பத்திரம் உள்ள காணியும் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதியின்றிக் கைமாறினால் செல்லாது. "ஊரில் எல்லோரும் இப்படித்தான் விற்கிறார்கள்" என்ற பேச்சு சட்டத்துக்கு முன் நிற்பதில்லை. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய எத்தனை பேர் வீடு கட்டிவிட்டு வங்கிக் கடனுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள்! பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் உழைத்த பணம் அது. அந்தக் காணியைக் காட்டியவர் ஒரு தரகர் என்றால், ஊரில் தரகர் என்ற பெயருக்கே சேர்த்துத்தான் அது கெடுதல்.

வக்பு சொத்துக்கும் இது போன்ற எச்சரிக்கை வேண்டும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வக்பு சபையின் அனுமதி சம்பந்தப்படும் காணியை, நம்பிக்கையாளர் ஒருவரின் வாய்ப்பேச்சை நம்பி சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது.

வெள்ளம் பற்றி எழுதத் தயங்குகிறார்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததை எவரும் மறக்கவில்லை. வாங்க வருபவருக்கும் அது தெரியும். தரகர் வாய் திறக்காவிட்டால் அவர் பக்கத்துக் கடையில் கேட்பார், கடைக்காரர் ஒரு முழம் கூட்டியே சொல்வார். அதற்குப் பதிலாக, "இந்த ஒழுங்கையின் முன்பாதிக்குத் தண்ணீர் வந்தது, மசூதிப் பக்கம் மேடு, அங்கே படிக்கட்டு வரை வந்து நின்றது" என்று நீங்களே எழுதிவிட்டால், தண்ணீர் வராத காணிகளுக்கு நீங்கள் சொல்லும் விலையை அவர் நம்புவார். மலைநாட்டில் இதே போல மண்சரிவு. 2016இல் அரநாயக்கவிலும் 2025 நவம்பரில் டித்வா புயலிலும் பட்டதற்குப் பிறகு, கண்டி, மாத்தளை, கேகாலை, பதுளை மாவட்டங்களில் சாய்வு நிலத்தில் காணி பார்ப்பவர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேட்காமல் விடக்கூடாது. அந்த அறிக்கையை எங்கே, எப்படி எடுப்பது என்று எளிய தமிழில் எழுதிக் கொடுப்பவர் யார்? கரையோர ஊர்களில் கரையோரப் பாதுகாப்பு வலயம், தாழ்ந்த இடங்களில் மண் நிரப்பும் அனுமதி, வயற்காணிக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் என்று உங்கள் ஊருக்கு ஏற்ற கட்டுரை உங்கள் கண் முன்னேயே இருக்கிறது.

செலவுக் கணக்கு ஒன்றையும் எழுதுங்கள். காணி வாங்குபவர் விலையை மட்டும் சேர்த்துக்கொண்டு வருகிறார். 50 இலட்சம் ரூபா காணிக்கு முத்திரைத் தீர்வை எவ்வளவு? முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம் என்ற விகிதத்தில் 3,000மும் 1,96,000மும் சேர்ந்து 1,99,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்கு உறுதி வரலாறு தேடுவதற்கான செலவு, நில அளவையாளருக்குக் கொடுப்பது எல்லாம் தனி. கடைசியில், உங்கள் கமிஷன் எவ்வளவு, அதை விற்பவர் கொடுக்கிறாரா வாங்குபவர் கொடுக்கிறாரா என்பதையும் கூச்சப்படாமல் எழுதிவிடுங்கள். இருவரிடமும் வாங்கும் வழக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருக்கிறதென்றால், அதை வாங்குவதும் சரிதானா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

முற்பணம் பற்றிய கட்டுரை ஒன்றும் கட்டாயம் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனையும், விற்பதற்கான உடன்படிக்கையும் எழுத்தில் இருந்து, நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். வட்ஸ்அப்பில் "சரி, உங்களுக்கே தருகிறேன்" என்று வந்த செய்தியைக் கொண்டு காணியை வாங்கிவிட முடியாது. மின்னணு ஆவணங்களுக்கு அங்கீகாரம் கொடுத்த 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் காணி விற்பனை ஒப்பந்தத்தை அதற்கு வெளியேதான் வைத்திருக்கிறது. அவுஸ்திரேலியா, பிரித்தானியா என்று போய் அந்நாட்டுப் பிரஜையானவர்களுக்கும் ஒரு குறிப்பு எழுதலாம். இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாதவருக்குக் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு அத்தடை இல்லை. உறவினர் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு மனம் கசந்து போன குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இனி எழுதும் விதம் பற்றிக் கொஞ்சம். ஒவ்வொரு கட்டுரையின் மேலும் திகதி போடுங்கள். வரி விகிதங்களும் சுற்றுநிருபங்களும் மாறிக்கொண்டே இருக்கும். காணி விற்ற இலாபத்துக்கான முதலீட்டு ஆதாய வரி 2018 ஏப்ரலில் 10 சதவீதமாக வந்தது. அதன் பின் உண்ணாட்டரசிறைச் சட்டம் பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. பழைய விகிதத்தைத் திகதியில்லாமல் விட்டுவைத்தால் உங்கள் பெயரால் ஒருவர் ஏமாறுவார். ஊர்ப் பெயர், ஒழுங்கைப் பெயர், பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை மக்கள் வாயில் வழங்கும் பெயரிலேயே எழுதுங்கள். "கல்முனை காணி" என்று எழுதுவதை விட, அந்த ஊரார் சொல்லும் குறிச்சியின் பெயரைச் சேர்த்து எழுதினால் தேடுபவர் நேராக உங்களிடம் வந்து சேர்வார். தமிழில் எழுதுங்கள். உறுதிகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும் ஊர்களில், அதில் உள்ளதை விளங்கிக்கொள்ள முடியாமல் தவிப்பவர் தமிழ் வாசிப்பவரே. நான் துணிக்கடைக்காரன். இது பருத்தி, இது கலப்பு என்று கேட்காமலே சொன்ன வாடிக்கையாளர் இரண்டாம் முறை விலை பேசுவதில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன்.

செய்யக்கூடாதவையும் உண்டு. காணிக்காரரின் உறுதியையோ அடையாள அட்டையையோ படமெடுத்து இணையத்தில் போடாதீர்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அந்தப் பிரதியை வைத்துக் கள்ள உறுதி தயாரிக்கக் காத்திருப்பவர்களுக்கு அது நல்ல உதவி. "கையில் காசா, கேள்வி இல்லை" என்ற மாதிரி எழுதவும் வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டம் காணித் தரகர்களையும் உள்ளடக்குகிறது, வாங்குபவர் யார் என்று அறிந்திருக்கும் பொறுப்பு தரகருக்கும் உண்டு. எழுதி எழுதி நீங்களே சட்டத்தரணியாகிவிடவும் கூடாது. "இந்த உறுதி நூற்றுக்கு நூறு சரி" என்று தரகர் எழுதுவது அவர் வேலையல்ல. எதை எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள், உறுதியைச் சட்டத்தரணி பார்க்கட்டும்.

ஒரு நியாயமான பயம் இருக்கிறது. குறையை எழுதினால் காணிக்காரர் கோபித்துக்கொண்டு வேறு தரகரிடம் போய்விடுவாரே? போகத்தான் செய்வார், சிலர். அதனால் இரண்டையும் பிரித்து வையுங்கள். ஊரைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் எழுதும் கட்டுரையில் எவருடைய காணியையும் பெயர் சொல்லிக் காட்டத் தேவையில்லை. குறிப்பிட்ட காணியைப் பற்றி எழுதுவதாக இருந்தால், என்ன எழுதப் போகிறோம் என்பதை முதலில் காணிக்காரருக்குக் காட்டி, அவர் சம்மதத்தை எழுத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். "பாதை தகராறை எழுத வேண்டாம்" என்று அவர் சொன்னால், வாங்க வருபவரிடம் நேரில் சொல்வேன் என்று அப்போதே அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கும் ஒத்துக்கொள்ளாதவரின் காணியை எடுக்காமல் விடுவதில் கமிஷன் ஒன்று போகும். வாங்கியவர் ஆறு மாதத்தில் பள்ளிவாசல் நிர்வாக சபைக்கு முறைப்பாட்டோடு வந்து, எல்லோர் முன்னிலும் உங்களை அழைத்துக் கேட்டால் போவது அதை விடக் கூட.

வாரம் ஒன்று முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒன்று எழுதுங்கள். எழுத வராதவர்கள் பேசலாம், அதை எழுதிக் கொடுக்கப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருப்பார்கள். முதல் ஆறு மாதத்துக்கு எவரும் வாசிக்காதது போலத்தான் தெரியும். போன் வரும்போது, "எங்கே பார்த்து எடுக்கிறீர்கள்?" என்று மட்டும் மறக்காமல் கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எந்தக் கட்டுரையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பது அந்தக் கொப்பியில் தெரியும், அடுத்து என்ன எழுதுவது என்பதும் அதிலேயே கிடைக்கும்.